கூட்டி எழுதிய ஒரு வயது

வாத்தியாரே,

ஜெராக்ஸ் மிஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய தாளுக்கு ஒரு சூடு உண்டு. பொரித்தெடுத்த அப்பளத்தைத் தொட்ட மாதிரி. முந்தாநாள் காலையில் அப்படி ஒரு தாள் என் கையில் விழுந்தது. என் தங்கச்சி மகள் தர்ஷினியின் பள்ளிச் சான்றிதழ். நீ தலைமையாசிரியராக இருந்தபோது கொடுத்தது. அடியில் உன் கையெழுத்து, வாலைச் சுழற்றிய ஓணான் மாதிரி. நீ கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது; கையெழுத்து மட்டும் சூடாக இருக்கிறதே என்று நினைத்தேன். அடுத்து பிறந்த தேதியைப் பார்த்தேன். தாளைக் கீழே போட்டுவிட்டேன்.

நான் லேசில் பயப்படுகிற ஆளில்லை என்று உனக்குத் தெரியும். உசிலம்பட்டியில் பிளக்ஸ் போர்டு அடித்தே வானத்தை மறைத்தவன். எங்கள் தெருவுக்குள் வருவதற்குச் சூரியன் என்னிடம்தான் அனுமதி வாங்கும். தேர்தலில் டெபாசிட் இழந்தவரை ‘தோல்வியையே தோற்கடித்த தலைவா’ என்று எழுதி, அவரையே நம்ப வைத்தவன். அப்பேர்ப்பட்ட சக்கரவர்த்தி முந்தாநாளிலிருந்து பிளக்ஸ் கடையைத் திறக்கவே இல்லை. தை மாதம் தர்ஷினிக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கமிஷன் கடை. பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்ததற்கு மண்டபக்காரர் சான்று கேட்கிறார். போன ஐப்பசியோடு பதினெட்டு முடிந்தது என்கிறது சான்று. பிள்ளைக்கு முடிந்தது பதினேழு.

அந்த ஒரு வயதைக் கூட்டிய இடத்தில் இருந்தது நீயும் நானும்தான். தாளைப் பார்க்கும்வரை அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அந்த ஜூன் மாதம் உன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பிள்ளை குறைந்தது. சேராவிட்டால் உன்கூட இருந்த டீச்சரை வேறு ஊருக்குத் தூக்கிவிடுவார்கள். தர்ஷினியோ, என் தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் கரும்பு வெட்டப் போன ஊரில், குடிசையில் பிறந்தவள். பிறப்பைப் பதிய யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தால் மத்தியானச் சாப்பாடு ஆகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. பாண்டிய நாட்டையே தோளில் சுமந்து வருகிறவன் மாதிரி நான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

“சட்டத்துல இல்லதான். ஆனாலும் என் மனசு ஆறணும். வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடச் சொல்லு” என்றாய்.

எட்டவில்லை. நான் பின்னால் நின்று அவள் தலையைச் சாய்த்துப் பிடித்தேன். விரல் காதைத் தொட்டது.

“அழுத்தாத மாப்ள, கழுத்து ஒடிஞ்சிரும்.”

“அஞ்சரை வயசுக் கழுத்து வாத்தியாரே, இரும்பு!”

சிரித்துச் சிரித்து உனக்கு இருமல் வந்துவிட்டது. தேதியும் மாதமும் நிஜம்தான் எழுதினாய். வருஷத்தை மட்டும் ஒன்று பின்னால் தள்ளினாய். “ஒரு வருசந்தான, அது பாட்டுக்குக் கிடக்கும்” என்றாய். கிடந்தது வாத்தியாரே. பாம்பு மாதிரி சத்தமில்லாமல் கிடந்தது.

பிறகு ஒரு நாள் டீக்கடையில் பேப்பரை விரித்துக்கொண்டு நான் கல்யாண வயசுச் சட்டத்தையே கூண்டில் ஏற்றினேன், ஞாபகம் இருக்கிறதா? “பதினேழே முக்கால் வரைக்கும் புத்தி எங்க போயிருந்துச்சு? பதினெட்டு பிறக்குற அன்னைக்குக் காலையில பால்காரன் மாதிரி வந்து கதவைத் தட்டுமா?” கடையே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாய்.

“புத்தி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாதுடா. தெரியாததாலதான் ஒரு கோடு போடுறாங்க. சம்மதிக்கிற வயசு பத்துன்னு சட்டம் இருந்த காலம் ஒண்ணு இருந்துச்சு. அப்புறம் பன்னெண்டு, பதினாலு, பதினாறு, பதினெட்டு. ஒவ்வொரு தடவையும் எங்கயோ ஒரு பிள்ளை அழிஞ்சுபோன பெறகுதான் யாரோ பயந்துபோய் கோட்டைத் தள்ளிப் போட்டிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் எங்க வழக்கத்துல கை வைக்காதேன்னு நாலு பேரு கத்தியிருக்காங்க.”

“அப்ப சடங்கு வச்சா பொண்ணு பெரியவள்னு நம்ம ஊரு சொல்லுதே, அது?”

“அது ஊரு போட்ட கோடு. அதுல பிள்ளையைக் கேக்குற வழக்கமே கிடையாது.”

அப்போது அதைக் கேட்டு, ‘வாத்தியார் டீக்குப் பதிலாகத் தத்துவம் குடிக்கிறார்’ என்று கேலி செய்தேன். பிறகு தர்ஷினிக்குச் சடங்கு வைத்தபோது தாய்மாமன் சீரோடு, தெருமுனையில் அவள் படம் போட்ட நாற்பது அடி பிளக்ஸும் வைத்தேன். மறுநாள் அந்தப் பிள்ளை அந்தத் தெரு வழியே பள்ளிக்கூடம் போகாமல், கம்மாக்கரை சுற்றிப் போனாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நேற்று தங்கச்சி வீட்டுக்குப் போனேன். பெற்றவளுக்குத் தெரியாதா மகள் வயது? வாசலிலேயே சொல்லிவிட்டேன், இது ஆகாது என்று.

“ஏண்ணே, வயசைக் கூட்டுனது நீயி. இப்ப கழிக்க வந்திருக்கியா?” என்றாள்.

அவள் வீட்டுக்காரர் நிதானமாகச் சொன்னார்: “மச்சான், நீங்க மாலை எடுத்துக் குடுத்தாத்தான் மணவறை. வரமாட்டீங்கன்னா உங்க சித்தப்பா மகனை நிப்பாட்டிக்கிறோம். மாமனுக்கா பஞ்சம்?”

தங்கச்சி அழுதாள். “தெனமும் அம்புட்டுத் தூரம் பஸ்ஸுல காலேசுக்குப் போயிட்டு வாரா. பொழுது சாஞ்சா எனக்கு ஈரக்கொலை நடுங்குதுண்ணே. ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டா நான் நிம்மதியாத் தூங்குவேன்.”

நீ சொன்னது பாதிதான் வாத்தியாரே. பயந்தவர்கள்தான் கோட்டைத் தள்ளிப் போட்டார்கள். கோட்டைத் தாண்டச் சொல்கிறவர்களும் பயந்துதான் சொல்கிறார்கள்.

தர்ஷினி மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தாள். “உனக்குச் சம்மதமா ஆத்தா?” என்றேன்.

“மண்டபம் பிடிக்கலாமான்னு உங்களைக் கேட்டாங்க. சமையக்காரரைக் கேட்டாங்க, ஜோசியரைக் கேட்டாங்க. என்னைய யாரும் கேக்கல மாமா. எனக்கு ஏப்ரல்ல பரீட்சை. எழுதணும்.”

காதைத் தொட வைத்த கதையைச் சொன்னேன். சிரிப்பு வருகிற மாதிரிதான் ஆரம்பித்தேன். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது. அவள் சிரிக்கவில்லை.

“அப்ப எனக்குப் பதினேழுதானா? எல்லாருக்கும் தெரியுமா?”

அந்த ‘எல்லாருக்கும்’ என்ற சொல்லில் நீயும் இருந்தாய், நானும் இருந்தேன்.

“எதுலயாவது எழுதியிருக்கா மாமா?” என்றாள். எதில் எழுதியிருக்கிறது? ஆஸ்பத்திரியில் இல்லை, பஞ்சாயத்தில் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். கொட்டகைக் கூரையில், ஒழுகாமல் இருக்க ஓலைக்கு மேல் விரித்துக் கட்டிய பழைய பிளக்ஸ். அவளுடைய முதலாம் ஆண்டு பிறந்தநாளுக்கு நானே அடித்தது. ‘அகிலம் வியக்கும் ஐம்பொன் சிலையே’ என்று என் வழக்கமான புளுகு. அதற்குக் கீழே தேதி, மாதம், வருஷம். நான் அடித்த ஆயிரம் போர்டிலும் இருக்கிற ஒரே உண்மை அதுதான், வாத்தியாரே. அதற்குக் கீழே மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது.

கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணி வைத்து ஏறினேன். மார்கழித் தூறல். “மாடு நனையுமேண்ணே!” என்று தங்கச்சி கத்தினாள். அவள் வீட்டுக்காரர் வந்து ஏணியின் ஒரு காலைப் பிடித்தார். ஆட்டவில்லை. சும்மா பிடித்தார். “மச்சான், எறங்குங்க” என்றார். அந்தக் குரலில் சத்தமே இல்லை. கத்தியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்போது ஏணியின் இன்னொரு காலை ஒரு கை பிடித்தது.

“நான் பிடிச்சிருக்கேன். நீங்க அறுங்க மாமா.”

விடிந்ததும் பிளக்ஸோடும் தர்ஷினியோடும் பஸ் ஏறிவிட்டேன். இப்போது மதுரையில், கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கிற அதிகாரி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து செல்போன் நிற்கவில்லை, எடுக்கவும் தைரியமில்லை. வயதைக் கூட்டிச் சேர்க்கச் சொன்னது நான்தான் என்று முதல் வரியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது வரியில் உன் பெயர் வந்தது. தவிர்க்க முடியவில்லை. உன் வீட்டம்மாவின் பென்ஷனுக்கு ஏதும் வருமா, பிள்ளையின் காலேஜ் சான்றிதழ் செல்லாமல் போய்விடுமா, நானே உள்ளே போவேனா, என் தங்கச்சி இனி என் முகத்தில் முழிப்பாளா, ஒன்றும் தெரியவில்லை. சாணி வாசமடிக்கிற பிளக்ஸைப் பார்த்து சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அந்த அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. மேஜையில் விரித்து, கைக்குட்டையால் வருஷத்தைத் துடைத்துப் பார்த்தார். இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, விசாரிக்க வேண்டும் என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, குல வரலாற்றிலிருந்து ஆரம்பிக்க வாயைத் திறந்தேன்.

“நீங்க யாரு?”

“தாய்மாமன்ங்க.”

“கொஞ்சம் வெளிய இருங்க. பொண்ணுகிட்டதான் கேக்கணும்.”

கதவைச் சாத்திவிட்டார்கள். மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல் மாணலாகப் போகிறது, பொறுத்துக்கொள். நாம் பிடுங்கிய அந்த ஒரு வருஷத்தை நான்தான் சுமக்கிறேன். இறக்கி வைக்க எனக்கு இடம் தெரியவில்லை. உள்ளே அவள் பேசுகிறாள். என்ன சொல்கிறாள் என்று இங்கே கேட்கவில்லை. ஆனால் நெடுநேரமாகப் பேசுகிறாள், வாத்தியாரே. யாரும் குறுக்கே பேசவில்லை.