டுரியன் தோலின் நீலம்

2019 மார்ச் 12
இன்றைக்கும் டுரியன் பழத்தோல். சந்தைக் குப்பையிலிருந்து இரண்டு மூட்டை வந்தது. நறுக்கி, காயவைத்து, அரைத்தது நான்தான். மூன்று தடவை சோப்புப் போட்டும் கையில் நாற்றம் போகவில்லை. சைகோனில் ஆராய்ச்சி என்று காரைக்காலில் அம்மா எல்லாரிடமும் பீற்றிக்கொள்கிறாள். மகள் குப்பை அரைப்பதை யார் போய்ச் சொல்வது?

மார்ச் 14
பொடியைத் தண்ணீரில் கலக்கி மைக்ரோவேவ் அடுப்பில் ஆறு நிமிடம். கஷாயம் மாதிரி ஒன்று வந்தது. புற ஊதா விளக்கைக் காட்டினால் அப்படியொரு நீலம். உள்ளே நானோ அளவில் கார்பன் துகள்கள் உண்டாகி ஒளிர்கின்றன என்கிறார் ஆய்வகத் தலைவர் சதாசிவம் சார். கட்டுரை வந்தால்தான் ஜூனில் முடியும் என் ஒப்பந்தம் நீளும். விசாவும் அதோடுதான்.

எம்.எஸ்சி. மாணவி ஹான் மத்தியானம் அதே அடுப்பில் மீன் சூடு பண்ணினாள். இதில் வேண்டாம் என்று சொன்னால் சிரிக்கிறாள்.

மார்ச் 27
கரைசலை ஜவ்வுப் பையில் கட்டி மூன்று நாள் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். சின்னச் சின்னக் கழிவு மூலக்கூறுகள் வெளியேறிவிடும்; துகள் பெரிது, பையிலேயே நிற்கும். அவசரத்தில் சார் இதுவரை இதைச் செய்யாமல் விட்டிருந்தார். ஹான் செய்து பார்த்தாள்.

வெளித் தண்ணீர் நீலமாக ஒளிர்கிறது. பைக்குள் வெறும் பழுப்பு.

அப்படியென்றால் இவ்வளவு நாள் ஒளிர்ந்தது கழிவுதானா?

ஏப்ரல் 8
மூன்றாவது முறையும் அதே.

ஏப்ரல் 9
சாரிடம் இருவரும் போய்ச் சொன்னோம். பையைப் பார்க்கக்கூட எழுந்திருக்கவில்லை. ஹான் போன பிறகு தமிழில் சொன்னார்: "இதெல்லாம் யாரும்மா கேக்கப்போறா? பையில வடிகட்டினோம், உள்ளேதான் ஒளிருதுன்னு எழுதிடு. உன் விசாவுக்குந்தான் சொல்றேன்."

என்ன மனுஷன் இவரு. சீ. பல்லைக் காட்டிக்கிட்டு பிஸ்கட் வேற நீட்டுறாரு. நானும் எடுத்துக்கிட்டேனே — அதுதான் தாங்கலை.

மே 2
தன் பெயரைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடும்படி ஹான் கேட்டாள். சார் உடனே எடுத்துவிட்டார். அவளுக்கு இது சொந்த ஊர், விசாக் கவலை இல்லை, அதனால் இந்தத் திமிர் என்று எழுதத்தான் நோட்டைத் திறந்தேன். பொய். அவள் பட்டமே இந்த வேலையை வைத்துத்தான்.

வாசலில் என்னிடம் கேட்டாள், "நீங்க?"

நேரமாகிவிட்டது என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

மே 3
சார் சொன்னபடியே எழுதிக் கட்டுரையை அனுப்பியாயிற்று. என் பெயர் இரண்டாவது.

ஜூன் 28
கட்டுரை வந்துவிட்டது. ஒப்பந்தம் இரண்டு வருடம் நீட்டிப்பு. அம்மாவிடம் சொன்னேன், அழுதாள். ஹான் படிப்பை விட்டுவிட்டு பக்கத்து பின் யுவோங் மாகாணத்தில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாளாம்.

நவம்பர் 19
திருச்சியிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி மின்னஞ்சல் போட்டிருக்கிறாள். எங்கள் கட்டுரையைப் பார்த்து அப்படியே செய்தாளாம். பையில் போட்டால் ஒளி வெளியே போய்விடுகிறது, மூன்று மாதமாகப் போராடுகிறேன், எங்கே தப்பு செய்கிறேன் என்று கேட்கிறாள். மரியாதையாக, 'அக்கா' என்று. பதில் எழுதச் சொல்லி சார் எனக்குத் தள்ளிவிட்டார்.

நாலு தடவை எழுதி அழித்தேன். கடைசியில், பை தரம் குறைந்ததாக இருக்கலாம், மாற்றிப் பாருங்கள் என்று அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் நன்றி வந்தது. வேறு கம்பெனிப் பைக்குத் தன் உதவித்தொகையிலேயே ஆர்டர் போட்டுவிட்டாளாம்.