கல்லுக்கு ஒரு ஜன்னல்

பந்தலூர்
9.6.2024

அன்புள்ள மாரிச்சாமிக்கு,

உன் சேக்காளி செல்லையா சொல்லச் சொல்ல, மருமகள் ராஜகுமாரி எழுதுவது. இங்கே நாங்கள் மழையோடு சுகம். அங்கே நீயும் மகள் வாசுகியும் வெயிலோடாவது சுகமாக இருக்கவேண்டும். போனில் கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். பக்கத்து லயத்து வீடுகளுக்கெல்லாம் நம் கதை கேட்டுவிட்டது, உனக்குத்தான் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடதாசி. உனக்கு எழுத்துத் தெரியும், எனக்குக் காது கேட்கும். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு மனுசன் தேறுவான்.

விசயத்துக்கு வருகிறேன். கல் உரசுகிற மிசின் ஒன்று கட்டியிருக்கிறேன். சிரிக்காதே. ராஜியின் பழைய வாஷிங் மெசினில் மோட்டார் மட்டும் உயிரோடு இருந்தது. அதைக் கழற்றி, தேயிலைப் பெட்டிப் பலகையில் இறுக்கி, ஒரு அச்சு கோத்தேன். வெல்டிங் பட்டறைத் தரணிதரன், டைல்ஸ் உரசுகிறவர்கள் வைத்திருக்கும் வைரத்தூள் தட்டை வாங்கி அதன் நுனியில் மாட்டினான். தண்ணீர் சொட்ட ஆஸ்பத்திரிக் குளுக்கோஸ் ட்யூப். எல்லாம் பெல்மதுளை சோமபால பாஸின் பட்டறையில் பார்த்தபடிதான். அங்கே நீ கயிறு கட்டிய வில்லை முன்னும் பின்னும் இழுத்துத் தட்டைச் சுழற்றுவாய், நான் குச்சியில் அரக்கு வைத்து ஒட்டிய கல்லைத் தட்டில் பிடிப்பேன். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நாளெல்லாம் கொழுந்துக்காட்டில் நின்றுவிட்டு, நாலு மணிக்குமேல் அங்கே ஓடுவோமே. இப்போது உன் வேலையை மோட்டார் பார்க்கிறது. உன்னைப்போல் வாயாடுவதில்லை.

ஆனால் ஒரு வம்பு. கல்லை வைத்ததும் குச்சியைப் பிடுங்கி எறிகிறது. முதல் கல் பறந்துபோய் ராஜியின் சோற்றுப்பானையில் விழுந்தது. (சோறு வீண். மாமா இதைச் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன். – ராஜி)

எதற்கு இந்த வயதில் மிசின் என்று கேட்பாய். எழுபத்திமூன்றில், கடலுக்கு இந்தப்புறம் திருப்பி அனுப்புகிறவர்கள் லிஸ்டில் என் பெயர் வந்து, நான் லொறி ஏறும்போது நீ என் கையில் திணித்தாயே, ஓடையில் நாம் அரித்தெடுத்த கல், அது கொட்டைப்பாக்கு அளவில் இன்னும் என்னிடம் அப்படியே இருக்கிறது. "உரசாத மச்சான், அடுத்த லிஸ்டுல நான் வந்துருவேன், ரெண்டு பேரும் சேந்து பாப்போம்" என்றாய். உரசவில்லை. இப்போது என் இடது கண் போய்விட்டது. வலதும் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது. போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முழுக்க இருட்டுவதற்குள் அந்தக் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். உன் சம்மதம் வேண்டும்.

இப்படிக்கு
செல்லையா (கைநாட்டு)


பெல்மதுளை
14.7.2024

மச்சான் செல்லையா,

கடதாசி கிடைத்தது. நாலு முறை வாசித்தேன். எனக்குப் பதிலாக வாஷிங் மெசினை வேலைக்கு வைத்துக்கொண்டவன், சம்மதம் வேறு கேட்கிறான்!

அட மடையா, வில்லில் ஓடுகிற தட்டு இப்படியும் சுற்றும், அப்படியும் சுற்றும். அதனால் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நமக்குத் தோது. மோட்டாருக்கு ஒரே திசைதான். நீ பழைய ஞாபகத்தில் பட்டறையில் உட்கார்ந்த அதே பக்கம் உட்கார்ந்திருப்பாய். தட்டு கீழேயிருந்து மேலே ஏறி வந்து குச்சியைத் தூக்கியிருக்கும். மோட்டாரை நோண்டாதே. எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார். தட்டு மேலேயிருந்து கீழே இறங்கும், கல் உன் பேச்சைக் கேட்கும்.

நம் கல்லை மட்டும் தொடாதே. கண்ணுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் வேறு டாக்டரைப் பார். நான் வருகிறேன். வாசுகி பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டிருக்கிறாள். யாழ்ப்பாணத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் கப்பல் ஓடப்போகிறதாம். தீபாவளிக்கு உன் ஊட்டில் இருப்பேன். உங்கள் ஊரில் அப்படித்தானே சொல்வீர்கள், ஊடு? சேர்ந்து உரசுவோம். சொன்னது சொன்னதுதான்.

மாரி


பந்தலூர்
18.8.2024

மாரிச்சாமிக்கு,

அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். ஓடுகிறது. இடது கையில் பிடித்த குச்சி இப்போது வலது கையில். பழக நாளாயிற்று. நம் கல்லைத் தொடவில்லை; இங்கே ஓடையில் கிடந்த சாதாரணக் கற்களை எடுத்து மழுங்க உரசி, செம்புத் தட்டில் மெருகுப் பசை தடவி மெருகு ஏற்றினேன். காலால் மிதித்துக்கொண்டு போன கல், நனைந்த காப்பிக்கொட்டை போல மினுங்குகிறது. தரணிதரன் பார்த்துவிட்டு, "ஏனுங்க பெரியவரே, இத்தனை நாள் எங்கீங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க இந்த வித்தையை?" என்றான். "வித்தை எங்கிட்ட பாதிதான்டா, மீதி கடலுக்கு அந்தப்புறம் இருக்கு" என்றேன். ஒன்று இத்துடன் அனுப்புகிறேன். தடவிப் பார்.

இனி சண்டை. எழுபத்திநாலில் வருகிறேன் என்றாய். உன் அம்மா பெயர் லிஸ்டில் இல்லை என்றாய், சரி. கலியாணம் முடித்து வருகிறேன் என்றாய். எண்பத்திமூன்றுக் கலவரத்தில் நான் இங்கே சோறு இறங்காமல் கிடந்தேன். அப்போதும், "பொட்டி கட்டியாச்சு" என்று எழுதினாய். பேரன் பிறக்கட்டும் என்றாய். இப்போது கப்பல் என்கிறாய். ஒவ்வொரு முறையும் என் பெண்சாதி ஆண்டாயி உனக்கென்று ஒரு பாய் வாங்கி வைப்பாள். அவள் செத்து ஆறு வருசம். பாய்களை எலி தின்றது.

உன்னைக் கேட்காமலே உரசியிருக்கலாம். உனக்கு யார் வந்து சொல்லப்போகிறார்கள்? ஆனாலும் கேட்கிறேன். தீபாவளிக்குள் வலது கண்ணில் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியவில்லை. வருகிறதானால் உடனே வா. இல்லையென்றால் உரசிக்கொள் என்று ஒரு வார்த்தை எழுது. இரண்டும் இல்லை என்றால் இனிமேல் எனக்குக் கடதாசி வேண்டாம்.

(மாமா இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கைநாட்டு வைக்கவே கூப்பிட்டுக் கூப்பிட்டு வரவழைக்க வேண்டியிருந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள் சித்தப்பா. – ராஜி)

செல்லையா (கைநாட்டு)


பெல்மதுளை
2.10.2024

செல்லையா,

நீ அனுப்பிய ஓடைக்கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு மாதமாகத் திரிகிறேன். பதில் எழுத உட்காருவதும் எழுந்துவிடுவதுமாக இருந்தேன்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடவில்லை. முழங்கால் இரண்டும் மடங்காது. கடைக்குப் போய்வரவே வாசுகியின் தோள் வேண்டும். நான் வரமாட்டேன் மச்சான். வரமாட்டேன் என்று எனக்கு எப்போதோ தெரியும். இங்கே என் ஆயாவைப் புதைத்த இடம் இருக்கிறது, நான் நட்ட தேயிலை இருக்கிறது. அங்கே நீ ஒருவன்தான். அதை எழுத மனசு வரவில்லை.

ஏன் என்று கேள். அந்தக் கல் உரசாமல் இருக்கும்வரை நான் வரவேண்டியவன். உரசிவிட்டால் வராமல் போனவன். அவ்வளவுதான். நீ குருடாகிக்கொண்டு இருக்கும்போது இதைப் பிடித்துக்கொண்டு நான் அடம்பிடித்தது நியாயமில்லை.

உரசு. ஆனால் முழுதும் வேண்டாம். சோமபால பாஸ் செய்வாரே, ஒரு பக்கத்தில் விரல்நகம் அளவுக்கு மட்டும் மெருகேற்றி உள்ளே பார்ப்பாரே, அதுபோல ஒரு ஜன்னல் திற. நல்ல வெயிலில் பார். என் கண்ணுக்கும் சேர்த்துப் பார்.

மாரி


பந்தலூர்
24.11.2024

என் மாரிக்கு,

உன் கடதாசியை ராஜி வாசித்தாள். மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். அவள் பாதியில் கடதாசியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

மழையும் மூடுபனியுமாகப் போனது. குளிருக்கு அரக்கு கல்லைப் பிடிக்கவில்லை. அடுப்பில் கல்லைச் சூடுகாட்டி ஒட்டினேன். போன ஞாயிறு வெயில் வந்தது. மோட்டாரைப் போட்டேன். நகம் அளவு திறந்ததும் நிறுத்தி, வாசலுக்கு எடுத்துவந்து வலது கண்ணோடு ஒட்டிப் பிடித்தேன்.

முதலில் ஒன்றுமில்லை, கிணற்றுத் தண்ணீர் போலத்தான். திருப்பினேன். ஒரு ஓரமாக நீலம் கிடந்தது மாரி. கொஞ்சம்தான். விளக்குக் கொளுத்தியதும் திரியடியில் ஒரு நீலம் தெரியுமே, அது. நாம் எடுத்தது வெறுங்கல் இல்லை. நடுவில் ஒரு வெடிப்பும் இருக்கிறது, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும்.

தரணிதரனிடம் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் உரசுங்க, நீலம் பூராத் தெரியும்" என்றான். "உரசினா ரெண்டாப் போயிரும் தம்பி" என்றேன். ஸ்விட்சை அணைத்துவிட்டேன். நான் பார்க்கவேண்டியதைப் பார்த்தாயிற்று. இனிக் கண் இருட்டினால் இருட்டட்டும்.

எங்கள் லயத்து ரேணுகா, மாமன் வீட்டுக் கலியாணத்துக்கு அடுத்த மாதம் ஹட்டன் வருகிறாள். பெல்மதுளைக்கும் வந்து கல்லை உன் கையில் கொடுப்பாள். ஜன்னலைச் சூரியனுக்குப் பிடித்து, இடதுபுறமாக மெல்லச் சாய்த்துப் பார். அவசரப்படாதே, நீலம் உடனே வராது.

திருப்பி அனுப்பாதே. ஐம்பது வருசம் கல்லை வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன், நீ வரவேண்டியவனாக இருந்தாய். அந்தப் பாரம் உனக்குப் போதும். கல் இனி உன் வீட்டில் இருக்கட்டும். வரவேண்டியவன் இனி நான். வருவேனா மாட்டேனா என்று நீ கேட்கக்கூடாது. பாய் மட்டும் ஒன்று வாங்கி வை.

உன்
செல்லையா (கைநாட்டு)