முனியின் விரல்

16 ஜூலை 2024, செவ்வாய்
சித்தூர்

குறுக்கெழுத்தை ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டேன். அதற்கப்புறம் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடை. “கால்ல சக்கரமா கட்டியிருக்கு? ஒரு எடத்துல உக்காருங்களேன்” என்று ஜெயகுமாரி கத்தினாள். எழுபத்தாறு வயதில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இவளுக்குத் தெரிந்தால்தானே.

பதினொரு மணிக்கு முனிகிருஷ்ணனின் மகள் தரணி போன் செய்தாள். முனிக்குப் பக்கவாதம். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. திருப்பதியில் சேர்த்திருக்கிறார்கள்.

என் வயசு அவனுக்கு. என்னை விடத் திடமான ஆள்.

17 ஜூலை, புதன்

பாகாலா வழியாக ரயிலில் போய் வந்தேன். மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறான். என்னை அடையாளம் தெரிந்ததா? தெரிந்தது என்றே வைத்துக்கொள்கிறேன்.

இடது கை ஆள்காட்டி விரல் மட்டும் போர்வை மேல் தட்டிக்கொண்டே இருக்கிறது. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு “அதி வணுகு, அந்தே” என்று தெலுங்கில் சொல்லிப் போனார். வெறும் நடுக்கமாம்.

இவருக்கு என்ன தெரியும்? எழுபத்தொன்றில், சண்டை நடக்கும்போது, எல்லையில் ஒரு கூடாரத்தில் நானும் முனியும் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தது தெரியுமா? எதிரியின் வயர்லெஸ்ஸில் புள்ளியும் கோடுமாக எண்கள் வரும். முனி கேட்டு எழுதுவான். அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று நான் உடைப்பேன். வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ‘ஆர்மில கிளார்க்கு’ என்றுதான் ஜெயகுமாரி இன்றுவரை நம்புகிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான்.

முனி ஏதோ அனுப்புகிறான். சந்தேகமே இல்லை.

20 ஜூலை, சனி

நான்கு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். விரல் தட்டினால் எது புள்ளி, எது கோடு என்று நீளத்தை வைத்துச் சொல்ல முடியாது. இடைவெளியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஓ, எம் – இந்த இரண்டு ஆங்கில எழுத்தும் திரும்பத் திரும்ப வருகின்றன. முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு எழுத்து மங்கல். முன்னால் ஹெச், பின்னால் இ போட்டுப் பார்த்தேன். ஹோம். வீடு!

“வயர்லெஸ் தந்தி பாஷைம்மா, எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்” என்று தரணியிடம் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள்.

“நைனா வூட்டுக்குப் போணும்னு சொல்றாரா மாமா? நெஜமாவா?”

“நெஜம்தாம்மா.”

24 ஜூலை, புதன்

மூன்று நான்கு மாதம் இங்கேயே வைத்துப் பயிற்சி கொடுத்தால் தேற வாய்ப்பிருக்கிறது என்கிறார் டாக்டர். குழாயை எடுத்துவிட்டு ஊருக்குக் கொண்டுபோனால் விழுங்க முடியாது, பத்து நாள் தாங்கினால் பெரிது. பேச்சு போனவருக்கு எழுத்தும் போயிருக்கும், தந்தியெல்லாம் எங்கிருந்து வரும் என்று என்னைக் கேட்டார்.

தரணி முடிவு செய்துவிட்டாள். “நைனா இஷ்டம் எதுவோ அதான். அவரே போணும்னு சொல்லிக்கினு இருக்கறப்போ கட்டிப்போட்டு வெக்க எனுக்கு மனசு வர்ல.” ஆகஸ்ட் மூன்றாம் தேதி, சனிக்கிழமை, நகரிப் பக்கம் அவர்கள் ஊருக்கு ஆம்புலன்ஸ் பேசியாகிவிட்டது.

எல்லாம் என் வாய்ச்சொல்லை நம்பி.

27 ஜூலை, சனி

இன்று அவனிடம் கேட்டே விட்டேன். தரணி டீ குடிக்கப் போயிருந்தாள்.

ஊர்ப் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன். எழுபத்தொன்றில் அங்கே இரண்டு பாலங்கள். எதிரி எந்தப் பாலத்துக்கு வருகிறான் என்பது கைக்கு வந்த செய்தியில் இருந்தது. மூன்று நாளாக வடக்குப் பாலத்தின் பெயரே வந்துகொண்டிருந்ததால் இதுவும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். “ஒரு எண்ணு ஒதைக்குதுடா, இன்னொரு தபா பாரு” என்றான் முனி. “நீ தப்பாக் கேட்டிருப்ப” என்று சொல்லி மேலே அனுப்பிவிட்டேன். அவர்கள் தெற்குப் பாலத்துக்கு வந்தார்கள். அங்கே நம் ஆட்கள் பதினோரு பேர் செத்தார்கள்.

முனி யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னிடமும் ஐம்பத்து மூன்று வருடமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பொங்கலுக்கு வெல்லம் அனுப்புவான், கிறிஸ்துமஸுக்கு நான் கேக் அனுப்புவேன். நலமா என்று கேட்டுக்கொள்வோம். அவ்வளவுதான்.

“அந்தப் பாலம்... இன்னும் மனசுல வச்சிருக்கியாடா?”

விரல் தட்டியது. என், ஓ. நோ. இல்லை!

ரயிலில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

30 ஜூலை, செவ்வாய்

ஏன் இன்னும் நிம்மதி வரவில்லை?

1 ஆகஸ்ட், வியாழன்

மழை என்று போகவில்லை. விரல் தட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன், தரணி அனுப்பினாள். பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தேன். ஓ வந்தது, எம் வந்தது. “பார், அதே! அதே!” என்று கத்திவிட்டேன். ஜெயகுமாரி ஈரக் கையோடு வந்து போனை எட்டிப் பார்த்தாள்.

“பாவம், கொறட்ட விட்டுக்கினு தூங்கறாரு. இதுல இன்னாத்தப் பாக்கறீங்க?”

வாய் திறந்திருக்கிறது. கண் மூடியிருக்கிறது. விரலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முகம் கண்ணில் படவே இல்லை.

2 ஆகஸ்ட், வெள்ளி

தூக்கத்தில் அனுப்ப முடியுமா? பழகிய கை, ஏன் முடியாது? – காலையிலிருந்து இப்படித்தான் வக்கீல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தாங்காமல் ஜெயகுமாரியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கூடாரம், பாலம், பதினோரு பேர், விரல், எல்லாம். கையெழுத்துப் போட்டது போகட்டும். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டு முடித்துச் சொன்னாள்.

“காமாலக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளு. ஒங்குளுக்கு இன்னா வேணுமோ அத அவரு கையில படிச்சிருக்கீங்க. அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்க. இப்பவே.”

எனக்கு மட்டும் தெரியாதா? ஆனால் ‘ஹோம்’ தப்பு என்றால் அந்த ‘நோ’வும் தப்பு. ஐம்பத்து மூன்று வருடம் கழித்துக் கிடைத்தது இரண்டே எழுத்து. அதையும் நானே குடுத்துடணுமா கர்த்தரே?

மூன்று மணிக்குத் திருப்பதியில் இருந்தேன். தரணி துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“தரணி, நான் தப்பாப் படிச்சிட்டேன். உங்க நைனா எதுவும் சொல்லல. டாக்டர் சொன்னதுதான் சரி.”

கையிலிருந்த வேட்டியை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நீங்க சொன்னத நம்பித்தான நாளைக்கி இட்டுக்கினு போறதா இருந்தோம். போயிருந்தா?”

“வெளிய போங்க மாமா.”

3 ஆகஸ்ட், சனி

ஆம்புலன்ஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வார்டு நர்ஸுக்குப் போன் போட்டுத் தெரிந்துகொண்டேன்.

9 செப்டம்பர், திங்கள்

தரணி என் போனை எடுப்பதில்லை. எடுக்காமல் இருப்பதுதான் நியாயம். இன்று அவளே ஒரு வரி அனுப்பியிருந்தாள்: ‘நைனா ரெண்டு ஸ்பூன் கஞ்சி முழுங்கினாரு.’ ஜெயகுமாரியிடம் மூன்று தடவை படித்துக் காட்டினேன். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

12 நவம்பர், செவ்வாய்

தரணி வரச் சொல்லியிருந்தாள். குழாயைக் காணோம். வாய் கோணியிருக்கிறது, சொற்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. கம்பியைப் பிடித்து எட்டு அடி வைக்கிறான். பயிற்சி கொடுக்கும் ஹரிதா சின்னப் பெண். “தாத்தா, இன்ட்டிகி வெள்தாமா?” என்று வேடிக்கையாகக் கேட்டாள், வீட்டுக்குப் போகலாமா என்று. அவன் தலையை ஆட்டினான்.

“நடந்து,” என்றான். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும்: “நடந்து... போறேன்.”

தரணி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் மருந்து வாங்கப் போனதும் கேட்டேன். இனிக் கேட்காமல் இருக்க முடியாது.

“முனி. அந்தப் பாலம். மனசுல வச்சிருக்கியாடா?”

விரல் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, அவன் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமா,” என்றான்.

எழுந்துவிட்டேன். வேறென்ன செய்வது? அவன் நல்ல காலை மெல்ல ஒதுக்கிக் கட்டிலில் இடம் விட்டான்.

“உக்காரு.”

உட்கார்ந்தேன். நாலு மணி ரயில் போய்விட்டது.