அண்ணன் விழுங்கிய மாத்திரை

மார்ச் 4
என் வீட்டுச் சமையலறைக் கதவு இன்றும் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் திறந்தது. ஊருக்கெல்லாம் கதவு போடும் தச்சர் என் அண்ணன். அதன் வழியாகத்தான் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அந்தச் சத்தம் அவர் காதில் விழவேயில்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கி இரண்டு மாதம். ஒரு முன்னேற்றமும் இல்லை.

மார்ச் 9
அண்ணனின் ரத்தம் நான் வேலை செய்யும் ஆய்வகத்துக்கே வந்தது. அதில் மருந்து எவ்வளவு என்று நான்தான் பார்த்தேன். இருக்கிறதா என்றே சந்தேகப்படும் அளவு. கருவியின் மேல் பழியைப் போட்டு மறுபடி ஓட்டினேன். அதே எண்.

மார்ச் 10
மாத்திரையைத் துப்பிவிடுகிறார் என்று டாக்டர் முடிவுகட்டிவிட்டார். அண்ணி அதையே பிடித்துக்கொண்டார். தினமும் மாத்திரை கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறார். அண்ணன் சண்டைகூடப் போடவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: "நான் முழுங்கத்தாம்மா செய்றேன். யாருமே நம்பலைன்னா விட்டுடட்டுமா?"

விட்டுடட்டுமா — எதை? மாத்திரையை மட்டுமா?

மார்ச் 11
நான் நம்புகிறேன். அப்படியானால் மருந்து எங்கேதான் போகிறது?

மார்ச் 16
டாக்டரை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். நர்ஸ் முன்னால் அண்ணன் மாத்திரையை விழுங்க, விட்டு விட்டு ரத்தம் எடுத்தோம். மருந்து மளமளவென்று ஏறியது. அதே வேகத்தில் இறங்கியும்விட்டது. அவருடைய கல்லீரல் வந்த மருந்தை உடனுக்குடன் கரைத்துத் தள்ளிவிடுகிறது. ஆள் அசையாமல் உட்கார்ந்திருக்க, உள்ளே இப்படி ஒரு சுறுசுறுப்பா?

மருந்து ஏறி இறங்கியதை வரைபடமாக வரைந்து அண்ணியிடம் காட்டி விளக்கினேன். அவர் அண்ணன் பக்கம் திரும்பி, "இனிமே வாயைத் திறந்து காட்ட வேண்டாங்க" என்றார். அண்ணன் அழுதுவிட்டார். நானும்தான்.

மார்ச் 17
இறங்கும் வேகம் தெரிந்தால், எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு தங்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம் இல்லையா? கணக்குப் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் சரிபார்த்து, இதயத்தையும் சோதித்துவிட்டு, அளவைப் படிப்படியாக ஏற்றச் சொன்னார்.

ஏப்ரல் 2
அண்ணனின் ரத்தத்தில் மருந்தின் அளவு நான் சொன்ன எண்ணை ஒட்டியே வந்திருக்கிறது. ஆய்வகத்தில் குதிக்காத குறைதான். சாயங்காலம் ஓடிப்போய் அண்ணனைப் பார்த்தேன். ரத்தத்தில் ஏறியது முகத்தில் ஏறவில்லை. இதற்கு யார் கணக்குப் போடுவது?

ஏப்ரல் 24
இன்று கதவில்லாத சமையலறையில் சாப்பிட்டேன். மத்தியானம் வந்த அண்ணன் கதவைத் தள்ளினார். நின்றார். மறுபடி தள்ளிப் பார்த்தார். "இதை வச்சுக்கிட்டு எப்படிக் குடித்தனம் பண்றே நீ?" என்று ஒரு திட்டு. கதவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

கதவு எப்போது திரும்பி வரும் என்று நான் கேட்கவில்லை.