கொடுக்காத மன்னிப்பு

அன்புள்ள பேரனுக்கு,

பாட்டி எழுதுவது. நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. ஞாயிறு மலரில் உன் படத்தைப் பார்த்தேன். கன்னம் நிறைந்து நன்றாகத்தான் இருக்கிறாய். நானும் நன்றாகத்தான் இருந்தேன், நீ எழுதியதைப் படிக்கிற வரைக்கும்.

மாடி வீட்டுத் தையல்காரம்மா பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க இறங்கி வந்தாள். "பாட்டிம்மா, உங்க பேரன் எழுதினதப் படிச்சு எனக்கு அழுகையே வந்திருச்சு" என்றாள். வாசிக்கட்டுமா என்றும் கேட்டாள். எனக்குக் கண்ணும் இருக்கிறது, ஐந்தாம் வகுப்புவரை படித்த படிப்பும் இருக்கிறது, கொடு இப்படி என்று வாங்கி நானே படித்தேன். அவளுக்கு அழுகை வந்தது. எனக்கு வந்தது வேறு. நான் பத்திரிகையை மடித்த மடிப்பைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தையல் மெஷினில் துணி கிடக்கிறது என்று மேலே ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு உன் கடிதமும் வந்தது. பழைய விமானத்தளத்தில், போரில் குண்டு விமானங்களில் போனவர்களுக்காக ஒரு சங்கத்தார் நினைவுச் சுவர் எழுப்புகிறார்களாம். அதில் என் அண்ணனும் உன் தாத்தாவும் சேர்ந்து நிற்கும் படத்தைப் பதிக்கப் போகிறார்களாம். அதன் கீழே கல்லில் ஒரு வரி. "எரிந்த ஊரின் மகன், எரித்தவரை மன்னித்தார்." நீதான் யோசித்து எழுதிக் கொடுத்தாயாம். படம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறதாம், உடனே அனுப்ப வேண்டுமாம்.

அனுப்ப மாட்டேன்.

உன் தாத்தா யாரையும் மன்னிக்கவில்லை. எப்போதடா மன்னித்தார்? உன்னிடம் வந்து சொன்னாரா? என்னிடம் சொல்லவில்லையே. அவர் போட்ட சட்டையின் பொத்தான் எப்போது தெறித்தது என்பதுவரை எனக்குத் தெரியும். மன்னித்திருந்தால் அது மட்டும் எனக்குத் தெரியாமல் போயிருக்குமா?

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்ததைக் கேட்டுக்கொள். போர் முடிந்து எல்லை திறந்த பிறகு, எதிரி நாடாக இருந்த அந்தப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர்களில் உன் தாத்தாவும் ஒருவர். கண்ணாடிக்காரர். அப்போது எந்தத் தெருவுக்குப் போனாலும் ஜன்னலுக்கு அட்டைதான் அடைத்திருக்கும், அதனால் அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. எங்கள் வீட்டு ஜன்னலுக்கும் அவர்தான் கண்ணாடி போட்டார். வேலையைப் பார்த்துவிட்டு என் அண்ணன்தான், "கையி சுத்தமா இருக்கு, வாயும் சுத்தமா இருக்கு, இவர விட்டா உனக்கு வேற ஆளு கிடைக்காது" என்று கல்யாணம் பேசினார். எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று யாரும் யாரையும் அப்போது கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

கல்யாணமாகி, உன் அப்பா என் வயிற்றில் இருந்தபோது, அண்ணன் ஒரு மதியம் சாப்பிட வந்திருந்தார். பேச்சுவாக்கில் உன் தாத்தா தன் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டார். அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? அவர் இருக்கவில்லை. "அந்த ஊருக்கு நான் வந்திருக்கேன் மாப்பிள்ளை. மேலேருந்து" என்றார்.

உன் தாத்தாவின் அம்மாவும் தங்கையும் அந்த ஊரில் ஒரு நிலவறைக்குள் எரிந்து போனவர்கள். அது எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது. உன் தாத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எரியிறது தெரிஞ்சுதா?"

அண்ணன் சொன்னதை நீ கல்லில் வெட்டுவதாக இருந்தால் வெட்டிக்கொள். "தெரிஞ்சுது. நான் வாலுல உக்காந்து பின்பக்கம் பாத்துச் சுடுறவன். முன்னாடி இருக்கிறவங்க போட்டுட்டுத் திரும்பிப் பாக்க மாட்டாங்க. எனக்குத் திரும்ப வேண்டிய அவசியமே இல்ல. ரொம்ப தூரம் வரைக்கும் பாத்துக்கிட்டேதான் வந்தேன்."

உன் தாத்தா எழுந்து கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வரை கண்ணாடி வெட்டும் சத்தம் கேட்டது. யாருக்கு அத்தனை கண்ணாடி என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரமும் அண்ணன் வந்தார். உள்ளே வந்து, நிலைப்படியை ஒட்டி நின்றார். உட்காரவில்லை. உன் தாத்தாவும் உட்காரச் சொல்லவில்லை. நான் தட்டைக் கையில் கொடுத்தேன். நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அப்படி எத்தனையோ வாரம். உன் அப்பா தவழ்ந்து போய் அவர் காலைப் பிடித்து எழுந்து நின்ற அன்றைக்குத்தான் உன் தாத்தா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உக்காருங்க மச்சான்" என்றார்.

அன்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. ஒவ்வொரு வாரமும் அண்ணன் நிற்பார். உன் தாத்தா சொன்னால் உட்காருவார். சில வாரம் சொல்ல மாட்டார். அந்த ஊர் எரிந்த மாதம் வந்தால் மாதம் முழுக்கச் சொல்ல மாட்டார். சொல்லாத வாரம் தெரிந்தும் அண்ணன் வராமல் இருந்ததில்லை. மழையில் நனைந்து வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறார்.

நீங்கள் பிள்ளைகளெல்லாம் அவருக்குக் கம்பத் தாத்தா என்று பெயர் வைத்தீர்கள். அவரும் சிரித்துக்கொண்டு, "ஆமாடா, உச்சியில பல்பு மட்டும்தான் பாக்கி" என்பார். சிறுபிள்ளைகள், விளையாட்டு. ஆனால் இப்போது உனக்கு மீசை முளைத்து, அது நரைக்கவும் தொடங்கிவிட்டது. "பெரியவர் சொல்லும்வரை நிற்பது அந்தக் காலத்துப் பண்பாடு" என்று எழுதியிருக்கிறாயே, பண்பாடாம்! என் அண்ணன் உன் தாத்தாவைவிட மூத்தவர். மூத்தவர் நிற்பதும், இளையவர் சொன்னால் உட்காருவதும் எந்த ஊர்ப் பண்பாடு? எழுதுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு என்னைக் கேட்டிருந்தால் உன் விரல் தேய்ந்திருக்குமா?

அதையாவது விடலாம். ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அண்ணன் கடைசியாகப் படுத்திருந்தபோது உன் தாத்தா அவர் கையைப் பற்றிக்கொண்டு, தலை குனிந்து, மௌனமாக மன்னித்தார் என்று! நீ கதவுக்கு வெளியே நின்று பார்த்தாயாம். உன் பிஞ்சு மனதில் பதிந்ததாம்.

நான் அந்த அறைக்குள்ளேயே இருந்தேன். கண் ஆபரேஷன் ஆகி ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். உன் தாத்தா அண்ணனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

விமானத்தின் வாலில் இருந்த குளிர் அண்ணனின் விரல் நுனிகளைத் தின்றுவிட்டது. பிறகு முளைத்த நகம் கொம்பு மாதிரி தடித்து வளைந்துதான் முளைத்தது. நகவெட்டியை அவரால் பிடிக்க முடியாது. போருக்குப் பிறகு வேலை பார்த்த பம்ப் நிலையத்தில் வால்வைக்கூட உள்ளங்கையால்தான் திருப்புவார். எப்போதும் நான்தான் வெட்டிவிடுவேன். அன்றைக்கு எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. நகம் வளர்ந்து, போர்வை நூலிலெல்லாம் மாட்டி இழுத்தது. உன் தாத்தா கடைக்குப் போய், கண்ணாடி விளிம்பை நொறுக்கும் குறடு ஒன்றை எடுத்து வந்தார். மூக்குக்கண்ணாடி வழுக்கியதால் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான் உன் மௌனம். மௌனமா அது? "கைய ஆட்டாதீங்க" என்று அதட்டினார். "பாத்து மாப்பிள்ளை, கண்ணாடின்னு நெனச்சு வெட்டிராதீங்க" என்றார் அண்ணன். "கண்ணாடின்னா இவ்வளவு தொல்ல குடுக்காது" என்றார் இவர்.

வீட்டுக்கு வரும் வழியில், நான் கேட்காமலே சொன்னார். "அந்த ஆள நான் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன். நகம் வளந்து கெடந்துச்சு. வெட்டினேன்."

இதுதான் அவர் சொன்னது. நீ வேறு எதையாவது அவர் வாயில் வைத்தால், அவர் இல்லாத தைரியத்தில் வைக்கிறாய் என்று அர்த்தம்.

இங்கே உன் அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் நாளை, நாளை என்கிறார். கல்வெட்டுக்காரரை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பதில் எழுது. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

கோபத்தோடு,
பாட்டி


அன்புள்ள பேரனுக்கு,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போது போன் கை தவறி விழுந்தது என்று உன் அப்பா உன்னிடம் சமாதானம் சொன்னானாம். கை தவறவில்லை. நானேதான் வைத்தேன்.

நீ பேசியதெல்லாம் படித்த பேச்சு. மக்களுக்கு நம்பிக்கை வேண்டுமாம். அண்ணன் போன அந்த விமானத்தை ஓட்டியவரின் மகள் உன் கட்டுரையைப் படித்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினாராம். அவர் தூங்கட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அவர் தூங்குவதற்கு உன் தாத்தாதான் தலையணையா?

"நாப்பது வருஷம் வீட்ல கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாங்களே பாட்டி, அது மன்னிப்பு இல்லாம வேற என்ன?" என்று கேட்டாய். கூப்பிடவில்லை, அவரே வந்தார். போட்டது நான். அது என்னவென்று கேட்டால் எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. பெயர் தெரியாத ஒன்றின் மேல், கையில் இருக்கிற பெயரை எடுத்து ஒட்டிவிடலாமா?

ஒன்று சொல்கிறேன். அண்ணன் நின்று நின்று அவர் காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட சமயம். எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு தடவ மன்னிப்புக் கேட்டுடேண்ணே, முடிஞ்சிரும்" என்றேன். அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "கேட்டா அவரு குடுத்தாகணும். நல்ல மனுஷன், குடுத்துருவாரு. அம்மாவும் இல்ல, தங்கச்சியும் இல்ல, அவருக்குன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் நான் வாங்கிட்டுப் போகவா?"

இதை நான் உன் தாத்தாவிடம் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன். அந்த மனிதர் கேட்கவே இல்லை, இந்த மனிதர் கொடுக்கவே இல்லை. இரண்டு பேரும் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியதை, நடுவில் வந்த நீ ஊரைக் கூட்டிவைத்துக் கொடுத்துவிட்டுக் கைதட்டு வாங்கப் பார்க்கிறாய். அது உன் தாத்தாவின் சொத்து. அவர் போகும்போது கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். உனக்கு எழுதி வைக்கவில்லை.

பத்திரிகையில் வந்ததற்காகக்கூட உன்னை இவ்வளவு திட்டியிருக்க மாட்டேன். பத்திரிகை அடுத்த வாரம் அலமாரியில் விரிக்கக் கிடக்கும். கல் அப்படியில்லை. உன் பிள்ளைகள் அதைத் தொட்டுப் படிப்பார்கள். எரித்தால் ஒருநாள் மன்னித்துவிடுவார்கள் என்று படிப்பார்கள்.

கடைசியில் கேட்டாயே ஒரு கேள்வி. "சரி, அவங்கள விடுங்க. நீங்க மன்னிச்சீங்களா பாட்டி, உங்க அண்ணன?" அதற்குத்தான் போனை வைத்தேன்.

இத்தனை வருஷத்தில் யாரும் என்னை இதைக் கேட்டதில்லை. உன் தாத்தா கேட்டதில்லை, அண்ணன் கேட்டதில்லை, நான் பெற்ற பிள்ளை கேட்டதில்லை. ஒருவருக்குத் தங்கை, ஒருவருக்குப் பெண்டாட்டி, இரண்டு பேருக்கும் தட்டு எடுத்து வைப்பவள், அவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். நீ கேட்டுவிட்டாய். கேட்டதற்காகத் திட்டலாமா, வாழ்த்தலாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை.

பதில் இருக்கிறது. எழுத மாட்டேன். காகிதத்தில் ஏறினால் உன் கைக்கு வரும், உன் கையிலிருந்து எங்கே போகும் என்று இப்போது எனக்குத் தெரியும். நேரில் வா. கூட யாரையும் கூட்டி வராதே, சுவர் எழுப்பும் அந்தச் சங்கத்துக்காரர்கள் வேண்டாம், பேசுவதைப் பதியும் பெட்டியும் வேண்டாம். என் எதிரில் உட்கார்ந்து கேள். சொல்கிறேன். கேட்டபிறகு படத்தை நானே சட்டத்திலிருந்து கழற்றி உன் கையில் தருகிறேன். கீழே என்ன எழுதலாம், எழுதத்தான் வேண்டுமா என்பதை அதற்கப்புறம் நீ முடிவு செய். நான் குறுக்கே வர மாட்டேன்.

கல்வெட்டுக்காரர் காத்திருப்பார். அவருக்கு வேறு கல் இருக்கும். எனக்கு நீ ஒருவன்தான் இப்படிக் கேட்டவன்.

டாக்டர் இன்னொரு கண்ணையும் பார்க்க வேண்டும் என்கிறார். அதற்காக வரச் சொல்லவில்லை, அதை உன் அப்பா பார்த்துக்கொள்வான். ஆனால் வருவதென்றால் அதற்கு முன்னால் வா. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொல்ல வேண்டும்.

நீ நன்றாக இரு. உன் பிள்ளைகள் தலைக்கு மேலே, வானத்தில் பறவையைத் தவிர வேறு எதுவும் பறக்காமல் இருக்கட்டும். வந்துவிடு, ராசா.

உன் பாட்டி