பதினேழாம் நம்பர்ப் பலகை

என்னை ஒருநாளும் திட்டாமல், ஆனால் ஒவ்வொரு முறையும் திருத்திய அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்கிப் பழக்கம். உங்களிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நாங்கள் நலம். அண்ணன் இப்போது தானே சோறு வடிக்கிறார், கஞ்சியோடு பாதிச் சோறும் போய்விடுகிறது. உங்கள் லேசர் மெஷினும் நலம். அதைப் பற்றி உங்களிடம் ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இதை வேறு ஆட்களும் படிப்பார்கள் அண்ணி. அவர்களுக்கு உங்களைத் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது இலங்கை மலைநாட்டில், எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். எங்கள் லயம் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் ஒற்றை அறை வீடுகள், இருபத்து நான்கு காம்பரா, இருபத்து நான்கு குடும்பம். ஒரு வீட்டுக்கும் இலக்கம் இருந்ததில்லை. பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதினால் கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வரும். அங்கிருந்து தப்பால்காரர் பையில் போட்டுக்கொண்டு, முகம் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போவார். நீங்கள் இளம்பெண்ணாக இருந்தபோது இந்தத் தோட்டத்தில் உங்களோடு சேர்த்து மூன்று புவனேஸ்வரி இருந்தார்கள். ஆசிரியர் வேலைக்கு உங்களுக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் மேல் டிவிசன் புவனேஸ்வரி வீட்டுக்குப் போனது. அவர்கள் ஊரில் இல்லை. உங்கள் கைக்கு அது கிடைத்தபோது பரீட்சை முடிந்து பதினொரு நாள். அதன் பிறகு பிள்ளை மடுவத்தில் ஆயாவாகச் சேர்ந்து, எங்கள் பிள்ளைகளையெல்லாம் வளர்த்தீர்கள். இந்தக் கதையை ஒரே ஒருமுறைதான் என்னிடம் சொன்னீர்கள். சொல்லும்போது உங்கள் முகத்தில் கோபமே இல்லை, எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மடுவத்தில் பிள்ளைகள் மத்தியானம் தூங்கும் நேரத்தில் போனில் வீடியோ பார்ப்பீர்கள். ஒருநாள் யாரோ ஒருவர் பலகையில் வீட்டு இலக்கத்தை லேசரால் செதுக்குவதைப் பார்த்தீர்கள். “சாந்தி, இந்த மெஷினு அப்பிடி ஒண்ணும் வெல இல்ல புள்ள” என்றீர்கள். நான் சிரித்தேன். ஐம்பத்து மூன்று வயதில், லயத்தில் இருந்துகொண்டு, லேசராம்!

பார்சல் வந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? பெரிய எந்திரம் வரும் என்று பார்த்தால், சப்பாத்துப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. உள்ளே நாலு அலுமினியச் சட்டம், பட்டி, வயர், ஒரு பொட்டலம் திருகாணி. “துணி காயப்போடுற கம்பி மாதிரி இருக்கு அண்ணி, இதுவா பலக வெட்டப் போகுது?” என்றேன். “பொறு. பூட்டிப் பாப்போம்” என்றீர்கள். திருகாணிகளை மடுவத்துக் கிண்ணங்களில் அளவு வாரியாகப் பிரித்து வைத்தீர்கள். சட்டத்தைப் பூட்டிய பிறகு, நூலைப் பிடித்து மூலைக்கு மூலை குறுக்காக அளந்தீர்கள். இரண்டு குறுக்கும் சமமாக வரும்வரை அண்ணனை விட்டுக் கழற்றிக் கழற்றிப் பூட்ட வைத்தீர்கள். “ஒரு மூல கோணினாலும் எல்லா நம்பரும் குடிச்சவன் மாதிரி சாஞ்சி நிக்கும்” என்றீர்கள். அண்ணன் முறைத்துக்கொண்டே பூட்டினார்.

நான் மாத்தளையில் போட்டோ கொப்பிக் கடையில் வேலை செய்கிறவள். கம்பியூட்டர் என்றால் இந்த லயத்தில் என்னைத்தானே கேட்பார்கள். அந்தத் திமிரில் மென்பொருள் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அது இலவச மென்பொருள், லேப்டாப்பில் ஏறிவிட்டது. ஆனால் மெஷினைக் கண்டுகொள்ளவே இல்லை. வயரைப் பிடுங்கினேன், செருகினேன், மூன்றுமுறை அணைத்துப் போட்டேன். “மலிவுச் சாமான் அண்ணி, திருப்பி அனுப்பிருங்க” என்று தீர்ப்பும் சொன்னேன். நீங்கள் அந்தச் சின்ன எழுத்துக் காகிதத்தை விரல் வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தீர்கள். “டிரைவருன்னு ஒண்ணு தனியாப் போடணுமாம். லேப்டாப்புக்கும் மெஷினுக்கும் நடுவுல ஒரு தரகர் வேணுமாம் சாந்தி” என்றீர்கள். மறுநாள் கடையில் அதை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தேன். மெஷின் கர்ரென்று ஒரு சத்தம் போட்டு நகர்ந்தது. நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டீர்கள்.

அதோடு விட்டீர்களா? நூறு மில்லிமீற்றர் சதுரம் ஒன்றை வரையச் சொல்லிவிட்டு, மடுவத்து அடிமட்டத்தால் அளந்தீர்கள். தொண்ணூற்றெட்டு. இரண்டு மில்லிமீற்றர்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். காகிதத்தில் கணக்குப் போட்டு, மென்பொருளில் மெஷின் எவ்வளவு நகர வேண்டும் என்ற எண்ணைத் தேடிப் பிடித்து மாற்றினீர்கள். அடுத்த சதுரம் சரியாக நூறு. பத்தாம் வகுப்பில் எல்லோரும் படித்த கணக்குத்தான். அதை எடுத்துப் பாவிக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

லேசர்த் தலைக்குத் தன் இடம் தானாகத் தெரியாது, அந்த விலைக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு முறையும் மெஷினைப் போடுமுன் அதைக் கையால் இடது மூலைக்குத் தள்ளி வைப்பீர்கள், தூங்குகிற பிள்ளையை நகர்த்துவது போல. செம்மஞ்சள் கண்ணாடி போடாத எவரையும் மெஷின் இருந்த முன்வராந்தாவுக்குள், எங்கள் பேச்சில் இஸ்தோப்புக்குள், விடமாட்டீர்கள். அண்ணன் முணுமுணுத்தபோது, “கண்ணு போச்சின்னா அந்த நம்பர யாரு படிக்கிறது?” என்றீர்கள். புகையை ஊதித் தள்ள மீன்தொட்டிக்கு வைக்கும் சின்னப் பம்பை வாங்கிக் கட்டியது யாருடைய மூளை? உங்களுடையதுதான்.

என் மூளை செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். மழைக்குத் தாங்கும், பளபளவென்று இருக்கும் என்று மாத்தளையில் இருந்து கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு வாங்கிவந்தேன். லேசர் ஓடி முடிந்தது. தகட்டில் ஒரு கீறல் இல்லை. தூக்கிப் பார்த்தால் கீழே அண்ணன் சோறு தின்கிற மேசையில் பதினேழு என்று கருகி இருந்தது. நீல ஒளி அந்தத் தகட்டில் நிற்காமல் நேராகப் போய்விடுமாம். நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பரா ஆட்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். “மேசைக்கு நம்பர் போட்டாச்சி. இனி வீட்டுக்குப் போடுவோம்” என்றீர்கள். பிறகு தொழிற்சாலைப் பின்பக்கம் கிடந்த பழைய தேயிலைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்து, பலகைகளை அடுப்புக்கு மேலே காய வைத்தீர்கள்.

பெரிய கிளாக்கரிடம் நீங்கள் பேசியதை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். லயத்து இலக்கங்களை ஒரு தாளில் எழுதி ஒபிசுக்குக் கொண்டுபோனோம். “யாரு குடுத்த நம்பர் இது?” என்று கேட்டார். “நாங்கதான் குடுத்தோம். ஐயா வேற நம்பர் தந்தா அதையும் வெட்டி மாட்டுறோம்” என்றீர்கள். அவர் தாளை வாங்கிச் சுவரில் ஒட்டினார். தபால் கந்தோரிலும் ஒரு பிரதி கொடுத்தோம். பத்து நிமிடத்தில் எங்களுக்கு முகவரி வந்துவிட்டது. இத்தனை காலமாக யாருக்கும் அது தோன்றவில்லையே அண்ணி.

இனி என் குற்றம்.

பலகைக்கு எந்த வேகம், எவ்வளவு சூடு என்று பார்க்க ஒரு பரிசோதனைத் துண்டு செய்தீர்கள். சின்னச் சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு வேகம், ஒரு வலு. அதில் கறுகறுவென்று அழகாக வந்த சதுரம் ஒன்று இருந்தது, ஐந்து நிமிடத்தில் ஒரு பலகை முடிந்துவிடும். நீங்கள் நீலப் பேனாவால் சரி போட்டது அதற்கு அல்ல. ஆமை வேகத்தில், போன தடத்திலேயே மூன்றுமுறை போய், பலகையைக் குடைந்து வைத்திருந்த ஒரு சதுரத்துக்கு. அதில் ஒரு பலகை செய்ய முக்கால் மணி நேரம். “எதுக்கு அண்ணி இவ்வளவு ஆழம்? கெணறா வெட்டுறீங்க?” என்றேன். “பொங்கலுக்குப் பொறகு சொல்றேன்” என்றீர்கள்.

அந்த அமைப்பில் ஒரே ஒரு பலகைதான் செய்தீர்கள், பதினேழு, எங்கள் வீட்டுக்கு. அடுத்த காம்பராவான உங்களுடைய பதினெட்டை முதலில் செய்யுங்கள் என்றதற்கு, “கவிதாக்கு இனி கடிதம் வார வயசு” என்றீர்கள். கவிதா என் மகள், நீங்கள் தூக்கி வளர்த்தவள். அடுத்த வாரமே, மடுவத்துக்குப் புறப்பட்ட காலையில், உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. பொங்கல் வர இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

சில மாதம் அந்த மெஷினைப் பார்க்கவே எனக்கு முடியவில்லை. பிறகு உங்கள் வேலை பாதியில் நிற்கக்கூடாது என்று ரோசம் வந்தது. மிச்சம் இருபத்து மூன்றையும் நான் செய்தேன். ஆனால் உங்கள் நீலச் சரியை விட்டுவிட்டு, அந்த அழகான கறுப்புச் சதுரத்தைப் பிடித்தேன். கடையில் நாள் முழுவதும் சடசடவென்று பிரதி எடுக்கிறவள் அல்லவா, முக்கால் மணி நேரம் எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணிக்கு அனுபவம் போதாது என்றுகூட நினைத்தேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் லயம் முழுக்க மாட்டிவிட்டேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

இந்த வருடம் உங்கள் ஆண்டுத் திதி முடிந்து பொங்கல் வந்தது. உங்களுக்குத் தெரியாததா, பொங்கலுக்கு எங்கள் லயத்தில் வாசல் பக்கம் ஒரு விரற்கடை இடம்கூடப் பெயின்ட் படாமல் இருக்கக்கூடாது. படாமல் விட்டால் துக்க வீடு மாதிரி இருக்கும் என்பார்கள். சுவர், கதவு, நிலை என்று போன தூரிகை பலகை மேலும் போனது. பச்சை வீட்டில் பச்சைப் பலகை, நீல வீட்டில் நீலப் பலகை. என் அழகான கறுப்பெல்லாம் மேலோடு இருந்த கருகல்தானே, ஒரே பூச்சில் காணாமல் போனது. நானும் கவனிக்கவில்லை. பொங்கல் பானையைக் கவனிப்பேனா, பலகையைக் கவனிப்பேனா?

இரண்டு வாரம் கழித்து மாலையில் வேலைவிட்டு வந்தேன். கதவுக்கு அடியில் ஒரு கடிதம் கிடந்தது. கவிதாவுக்கு, ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சை. திகதி, நாளை மறுநாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தோட்டத்தில் இன்றைக்கும் மூன்று கவிதா இருக்கிறார்கள் அண்ணி.

பழைய தப்பால்காரர் ஓய்வில் போய்விட்டார். புதியவர் வேறு தோட்டத்து ஆள், ஒரு முகமும் தெரியாது. அடுத்தமுறை வந்தபோது மறித்துக் கேட்டேன். “எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிட்டாங்க அக்கா, கேக்க ஒரு ஆள் இல்ல. வாசலுக்கு வாசல் பலக இருக்கு, ஒண்ணுலயும் ஒண்ணும் இல்ல. இந்த ஒண்ணுலதான் பதினேழு இருந்திச்சி. கையால தடவியும் பாத்துக்கிட்டேன்” என்றார். மற்ற வீட்டுக் கடிதங்களை ஒபிசுக்கே திருப்பிக் கொண்டுபோயிருக்கிறார். அதில் ஒன்பதாம் நம்பர்ச் செல்லையா மாமாவின் கண் கிளினிக் கடிதமும் இருந்தது. நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன், நல்லவேளை திகதி தப்பவில்லை.

அவர் போன பிறகு நானும் தடவிப் பார்த்தேன். பெயின்ட் உங்கள் குழிக்குள் இறங்கி, ஓரம் பிடித்து, இலக்கம் முன்னைவிட எடுப்பாக நின்றது. பொங்கலுக்குப் பிறகு சொல்கிறேன் என்றது இதைத்தானே? அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் நான் கேட்டிருப்பேனா? வாசலில் நின்று அழுதேன் அண்ணி. அண்ணன் வந்து என்ன என்று கேட்டார். பலகையைக் காட்டினேன். அவரும் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கவிதா கண்டிக்குப் போய் நேர்முகப் பரீட்சையில் இருந்துவிட்டு வந்தாள். முடிவு இன்னும் வரவில்லை. கிடைப்பது அவள் கையில். கடிதம் வந்து சேர்ந்தது உங்கள் கையால். எனக்குத் தெரிந்த எந்தப் படித்த ஆளும், பெயின்ட் அடிக்கிற தூரிகை வரைக்கும் யோசித்து ஒரு வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை.

உங்கள் நீலச் சரி போட்ட துண்டை மெஷினுக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். இருபத்து மூன்றையும் திரும்பச் செய்கிறேன், மூன்று தடவை, ஆமை வேகத்தில், உங்கள் கணக்குப்படி. ஞாயிறு தோறும் நான்கு என்று இதுவரை பன்னிரண்டு முடிந்தது. செல்லையா மாமாவுக்குத்தான் முதலில் செய்தேன். பதினெட்டைக் கடைசியாகச் செய்வேன். நீங்கள் அப்படித்தான் செய்திருப்பீர்கள். அடுத்த பொங்கலுக்கு யார் எந்த நிறத்தை அள்ளிப் பூசினாலும், இந்த லயத்தில் ஒரு கடிதமும் வாசல் தவறிப் போகாது. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

எப்போதாவது பதில் போட நினைத்தால், முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அதை எழுத முடிவதே உங்களால்தான்.

உங்கள் நாத்தனார்,
சாந்தி,
இலக்கம் 17.