சுவரோரப் பாத்திக்கு எந்தப் பூ

அண்ணே,

இந்த மடலில் மூன்று விஷயங்கள். வரிசை போடாமல் எனக்கு எழுத வராது.

1. நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரோரப் பாத்தியில் எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது.
2. அந்த வெயிலில் எந்தச் செடி பூக்கும்.
3. கனகாம்பரம் ஏன் கூடாது.

காலையில் பாத்தியைக் கொத்தினேன். உங்கள் புங்கமரத்துச் சருகு மக்கிய வாசம் எழுந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே வாசம்தான். நான் சாக்பீஸால் சுவரில் மணிக்கொரு கோடு போட்டு நிழலைக் குறித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தீர்கள்.

“என்ன வாத்தியாரே, ரிட்டயர் ஆகியும் நிழலுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்குறியா?”

எட்டு மணிக்கு வரும் வெயில் பதினொன்றரைக்குப் போய்விடுகிறது என்றேன். மல்லிகை வைக்க ஆசை என்றும் சொன்னேன்.

“மல்லிக்கு இம்புட்டு வெயில் பத்தாதுப்பா. கனகாம்பரம் வை. அதுவும் உன்னைய மாதிரிதான், பாதி நிழல்ல ஒளிஞ்சுகிட்டே பூத்துரும்.”

உள்ளேயிருந்து மதினி சிரித்தது எனக்குக் கேட்டது.

அவ்வளவு பளிச்சென்ற நிறத்துக்கு இந்த வெயில் போதுமா? நிறத்துக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் உண்டா? யோசித்துக்கொண்டே இருந்தேன், நடவில்லை. தை மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். நேற்றுதான் ஒத்தக்கடை நர்சரியில் விசாரித்தேன். நீங்கள் சொன்னது சரி. காசித்தும்பையும் அந்த வெயிலில் பூக்குமாம்.

மூன்றாவதுதான் சங்கடம். சனிக்கிழமைதோறும் நீங்கள் மதினிக்கு வாங்கி வந்தது கனகாம்பரம். இப்போது அவர் பூ வைப்பதில்லை. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அவர் கண்ணில் படுவது இந்தப் பாத்தி. தினமும் அவரை நோகடிக்கலாமா? அதனால் தலையில் வைக்கும் பூ எதுவும் வேண்டாமென்று காசித்தும்பை நாற்று வாங்கிவிட்டேன்.

இதுவரை எழுதிவிட்டு நாற்று நடப் போனேன். மதினி சுவரோரம் வந்தார்.

“என்ன தம்பி, அவுக கனகாம்பரம்ல வைக்கச் சொன்னாக?”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. “பாக்க உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு, மதினி...”

மண்வெட்டியைக் கீழே வைப்பதா, பிடித்துக்கொண்டே நிற்பதா என்று தெரியாமல் நின்றேன்.

“விசேஷ வீட்டுக்குப் போனா பூத்தட்டு என்னையத் தாண்டிப் போகுது, தம்பி. எனக்குக் கஷ்டம்னு எல்லாரும் அவுகளாவே முடிவு பண்ணிக்கிறாக. என்கிட்ட ஒருத்தர் கேக்கல. நீங்களும் கேக்கல.”

பிறகு நாற்றைப் பார்த்தார். “இது நாலு மாசத்துல காஞ்சிரும். கனகாம்பரம் வைங்க. மொதப் பறிப்பு எனக்கு. தலையில வைக்கிறதா வேண்டாமாங்கிறத நான் பாத்துக்கிறேன்.”

நாளைக் காலை மறுபடி நர்சரிக்குப் போகிறேன். மூன்றாவது விஷயத்தை அடித்துவிட்டு, மடலைப் புதிதாக எழுதலாமா என்று பார்த்தேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அதில் நான் எழுதியது தவறு, அண்ணே.